இரண்டு மைக்ரான்

அந்த மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் ஆளுக்கு ஓர் உறுப்பு என்பது வழக்கம். யாரும் உத்தரவு போட்டதில்லை. வருடங்கள் போகப்போகத் தானாகவே படிந்துவிட்டது. இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் ஜன்னலோர மேசையில் இருக்கும் மூத்த பெண் மருத்துவரிடம் போகும். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கல்லீரல் மேடம் என்று பெயர். அதை முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் திசு வெட்டும் அறையின் வாயாடி ஒருவனுக்குத்தான் உண்டு. சிறுநீரகம் வந்தால் எதிர் மேசைக்கு. அங்கே இருக்கும் டாக்டர் ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் அரை வார்த்தை பேசுகிறவர். மீதி அரை வார்த்தையை எதிரே இருப்பவர்கள் அவரவர் மனம்போல் நிரப்பிக்கொள்வார்கள்.

அன்று காலை வாயாடி சிறுநீரக ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தாண்டிப் போய் ஜன்னலோர மேசையில் வைத்தான்.

"மேடம், இன்னைக்கு உங்களுக்கு கிட்னி."

"எனக்கெதுக்குய்யா? அதுக்குன்னே ஒருத்தர் எதிர்ல உக்காந்திருக்காரே."

"அவரு வீட்டு கிட்னி மேடம். அதான்."

கல்லீரல் மேடம் கண்ணாடியை ஏற்றி எதிர் மேசையைப் பார்த்தார். டாக்டர் தலையை மட்டும் அசைத்தார். தன் சொந்தக்காரர்களின் ஸ்லைடை யாரும் பார்க்கக் கூடாது என்பது மட்டும் அங்கே உண்மையிலேயே எழுதி வைத்த விதி.

அது அவருடைய மனைவியின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கு. மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போய், வாரத்தில் பாதி நாள் இதே மருத்துவமனையில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கழிந்துகொண்டிருந்தது. ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடு என்று டாக்டர் பல வருடம் சொல்லியிருந்தார். "போடறேன் அத்தான், போடறேன்" என்பான். மாத்திரைகள் டிராயரில் கிடந்தன.

துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு விடுமுறை நாளில் மனைவி சொன்னாள்: "என்னோடதுல ஒண்ணைத் தம்பிக்குக் கொடுக்கறதா முடிவு பண்ணிட்டேன்."

டாக்டர் தலையணை உறையை நான்காக மடித்தார்.

"உங்களைக் கேக்கல. சொல்றேன்."

அவர் அதை எட்டாக மடித்தார்.

"பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் மிதிக்கிறது என் தொழில். வீட்டுல நீங்க அதைப் பண்ணாதீங்க."

அவர் மிதிக்கவில்லை. ஆனால் அவருக்கு விருப்பமில்லை. அதை அவள் அறிந்திருந்தாள். அவள் அறிந்திருக்கிறாள் என்பதை அவரும் அறிந்திருந்தார். கொடுத்துவிட்டு நன்றாக இருப்பவர்களே அதிகம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நன்றாக இருப்பவர்களின் ஸ்லைடு அவர் மேசைக்கு வருவதில்லை. மிச்சமிருந்த ஒற்றைச் சிறுநீரகமும் தழும்பேறிப்போன சிலருடையதுதான் வரும். இருபது வருடமாகப் பார்த்தது அதைத்தான். அந்தப் படங்கள் கண்ணுக்குள் இருக்கையில் கணக்கு எங்கே எடுபடும்?

பரிசோதனைகள் ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டே வந்தன. கடைசியில் ஒரே ஒரு தடங்கல். அவள் சிறுநீரில் கொஞ்சம் புரதம் கசிந்தது. ஓட்டம் நடையில் கூட அப்படிக் கசியலாம். இருந்தாலும் சிறுநீரக வைத்தியர் ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார். முதல் முறையாக டாக்டருக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அது வெளியே சொல்லத் தக்க நம்பிக்கை இல்லை. பூஞ்சை போல இருட்டில் வளர்ந்தது. ஏதாவது ஒன்று சரியில்லாமல் இருக்கட்டும். பெரிதாக வேண்டாம். முடியாது என்று சொல்லும் அளவுக்கு இருந்தால் போதும்.

எடுத்த துணுக்குகளில் ஒன்றை ஒளிரும் சாயம் போட்டுப் பார்க்கத் தனியாக அனுப்பினார்கள். அதில் சிறுநீரகத்தின் உள்பகுதிதான் வந்திருந்தது. பார்க்க வேண்டியது ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகளை; அதில் ஒன்றுகூட இல்லை. ஆக, எல்லாம் மெழுகில் புதைத்து வெட்டிய மற்றத் துணுக்கின் கையில்.

"கொஞ்சம் இப்படி வாங்களேன்" என்றார் கல்லீரல் மேடம். அவருடைய நுண்ணோக்கிக்கு இரட்டைத் தலை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றையே பார்க்கலாம்.

"நான் பார்க்கக் கூடாது."

"பார்க்க வேணாம். சும்மா கண்ணை வைங்க."

டாக்டர் கண்ணை வைத்தார்.

உடம்பில் மற்ற இடங்களில் தந்துகி என்பது தமனி முடிந்து சிரை தொடங்கும் சந்து. அங்கே வந்து சேரும்போது ரத்தம் வேகமெல்லாம் இழந்து களைத்திருக்கும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும், வாங்க வேண்டியதை வாங்கும், மெல்லச் சிரைக்குள் போய்விடும். கொடுக்கல் வாங்கல் இரண்டும் ஒரே தெருவில். சிறுநீரகத்தில் மட்டும் கதை வேறு. ஒரு சிறு தமனி உள்ளே நுழைந்து தந்துகிகளாகப் பிரிந்து ஒரு முடிச்சாகச் சுருளும். மறுபடி ஒன்றுகூடி வெளியேறும்போதும் அது தமனிதான், சிரையாவதில்லை. வாசலிலும் கதவு, கொல்லையிலும் கதவு. கொல்லைக் கதவு கொஞ்சம் இறுகினாலும் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் வேறெந்தத் தந்துகியிலும் இல்லாதது. அதைக்கொண்டுதான் முடிச்சு நீரை வடித்துத் தள்ளுகிறது. தள்ளியதில் ஒரு சொட்டையும் அது திரும்ப வாங்குவதில்லை. வாங்குவதற்கு, வெளியேறிய குழாய் போய் மறுபடி பிரிந்து இன்னொரு வலை பின்னுகிறது. அந்த வலையில் அழுத்தம் குறைவு.

எனவே முடிச்சில் சுவர்தான் எல்லாம். அதுதான் சல்லடை. இரைப்பைத் தந்துகியின் சுவர் எவ்வளவு தடிமன் என்று யாரும் கேட்பதில்லை. அது வெறும் வழி. சிறுநீரக முடிச்சில் அந்தத் தடிமன்தான் தீர்ப்பு.

கண்ணுக்கு எதிரே இருந்த முடிச்சில் சுவர்கள் தடித்திருந்தன. கருஞ்சிவப்புக் கோடுகள், பேனாவை அழுத்தி எழுதியது போல.

டாக்டரின் விரல் பழக்கத்தால், பார்வையின் ஆழத்தை மாற்றும் குமிழுக்குப் போயிற்று. அரைச் சுற்று. ஒரு வளையம் மங்கி மறைந்தது. அதே இடத்தில் அதன் அடியிலிருந்து இன்னொரு வளையம் துலங்கி வந்தது.

அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்துவிட்டது. சரியாக வெட்டிய சிறுநீரகச் சீவலில் அடியிலிருந்து எதுவும் வராது. அடி என்று ஒன்று இருக்கவே இருக்காது. சிறுநீரகத்தை இரண்டு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு தடிமனில், வெட்டுவார்கள். மற்ற உறுப்புகளை நான்கு, ஐந்தில். இது ஐந்து. ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு மெல்லிய சுவர்கள் ஒரு தடித்த சுவராகத் தெரிந்தன. சிறுநீரகத்தை எப்போதும் வெட்டுகிறவள் பிளேடு அக்கா. அவள் தாயாருக்குக் கண் அறுவை என்று விடுப்பில் இருந்தாள். வாயாடி காலையில் கல்லீரல் வெட்டிய அதே அளவில், அதே கையோடு இதையும் வெட்டிவிட்டான். கல்லீரல் மேடத்தின் கண்ணும் ஐந்து மைக்ரானுக்குப் பழகிய கண். அவருக்கு உறுத்த எந்தக் காரணமும் இல்லை.

"தடிச்சிருக்கு, இல்ல?" என்றார் மேடம்.

டாக்டர் கண்ணை எடுக்கவில்லை. பதில் சொல்லவுமில்லை.

"புரதம் வேற போகுது. பொருந்துது." மேடத்தின் குரல் தணிந்தது. "உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம். கத்தியும் வேணாம்னு ஆச்சு. அவங்க வைத்தியருக்கு நான் போன்ல சொல்லிடறேன். சாயங்காலம் எழுதிடறேன்."

டாக்டர் எழுந்து தன் மேசைக்குப் போனார். வேறு யாருடையதோ ஒரு ஸ்லைடை வைத்தார். நெடுநேரம் அதைப் பார்த்தார், எதையும் காணவில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது விதி. பார்க்காதவன் எப்படிச் சொல்வான்? அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது அவருக்கு வேஷமும் இல்லை, பிறவிக் குணம். இத்தனை வருடம் சும்மா கிடந்த குணம் இன்று முதல் முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது.

மதியம் இயந்திர வார்டுக்குப் போனார். மைத்துனன் சாய்வு நாற்காலியில் கையை நீட்டிக் கிடந்தான். ரத்தம் ஒரு குழாயில் போய், கண்ணாடி போன்ற உருளையில் நூல் நூலாக இருந்த வடிகட்டியைக் கடந்து, இன்னொரு குழாயில் திரும்பிக்கொண்டிருந்தது. மனைவி பக்கத்தில் ஸ்டூலில். ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவில் வந்திருந்தாள்; கார் சாவி கையில் இருந்தது.

"வாங்க அத்தான். உங்க முகத்தைப் பார்த்தா யாரோ போயிட்ட மாதிரி இருக்கு. நான் இன்னும் இருக்கேன்ல?"

"வாயை மூடுடா" என்றாள் அக்கா.

"இவ இப்படித்தான் அத்தான். காலைல ஒரு பையனை இடதுபக்கம் திருப்புன்னு அதட்டியிருக்கா, அவன் இறங்கி வீட்டுக்கே போயிட்டானாம்."

"அவன் வலதுபக்கம் திருப்பினான்."

"பார்த்தீங்களா? இவளோடதை எனக்கு வெச்சா அது உள்ள உக்காந்து என்னை அதட்டும்."

அவள் சிரித்துக்கொண்டே தண்ணீர் வாங்க எழுந்து போனாள். அவள் கதவைத் தாண்டியதும் மைத்துனனின் சிரிப்பு நின்றது.

"அத்தான், ஒண்ணு சொல்றேன். அவகிட்ட சொல்லிடாதீங்க. முடியாதுன்னு ரிசல்ட் வந்தா நல்லாயிருக்கும்னு தோணுது."

"ஏன்?"

"மாத்திரையை டிராயர்ல போட்டு மூடினவன் நான். என்னோட ரெண்டையும் கெடுத்துக்கிட்டேன், அது என் தலையெழுத்து. அவளோடதையும் வாங்கிக் கெடுத்தேன்னு வைங்க... எந்த முகத்தை வெச்சிக்கிட்டு அவ வீட்டுல வந்து சாப்பிடுவேன்?"

டாக்டர் வடிகட்டியைப் பார்த்தார். வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருவர். வேண்டும் என்பவள் ஒருத்தி. கணக்கு எவ்வளவு சுலபமாக முடிகிறது.

அவள் திரும்பி வந்தபோது தண்ணீர் பாட்டில் இல்லை. கைபேசிதான் கையில் இருந்தது.

"வைத்தியர் கூப்பிட்டார்" என்றாள். "முடியாதாம். எனக்கே கிட்னில வியாதியாம்."

மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பிறகு கணவனைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப இது குடும்பத்துலயே இருக்கா? எனக்கும் வந்து, இவனுக்கும் வந்து... நம்ம பொண்ணுக்கும் பார்க்கணுமா?"

"இப்போதைக்கு..." என்று தொடங்கினார்.

"வைத்தியர் பார்த்துடலாம்னு சொல்றார். அவளுக்கும் ஊசி போடுவாங்களா? சின்னப் பொண்ணுங்க அது. எனக்கு மாத்திரை ஆரம்பிக்கணுமாம். முகம் வீங்குமாம், எலும்பு தேயுமாம். எத்தனை வருஷம்னு கேட்டேன், பார்க்கலாம்னார்." குரல் நேராகத்தான் இருந்தது, பாடம் நடத்துகிற குரல். "நான் நல்லாத்தானேங்க இருக்கேன்? உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இருபது வருஷமா இதையே பார்க்கறீங்க."

அவர் கேட்டது ஒரு 'முடியாது' மட்டும். அதைத் தனியாகக் கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது. வியாதி, மாத்திரை, மகளின் முதுகில் ஒரு ஊசி எல்லாம் ஒரே கட்டாக வந்திருந்தன.

"இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் வெளியே நடந்தார்.

கல்லீரல் மேடம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மைக்ரான்னு கேளுங்க" என்றார் டாக்டர்.

"என்னது?"

"என் மனைவியோட ஸ்லைடு. வெட்டினவனை எத்தனைன்னு கேளுங்க. நான் கேக்கக் கூடாது."

வாயாடியை அழைத்தார்கள். "எப்பவும் போலத்தான் மேடம், அஞ்சு" என்றான். பிறகு அவன் முகமே மாறியது. "ஐயோ" என்றான். அன்று அவன் பேசிய கடைசி வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

மேடம் ஈரக் கையோடு போய் நுண்ணோக்கியில் உட்கார்ந்தார். குமிழைத் திருகினார். மறுபடி திருகினார். நிமிர்ந்தபோது அவர் கண் டாக்டர் மேல் இருந்தது.

"நீங்க எப்பப் பார்த்தீங்க இதை?"

"காலைல."

"காலைலயேவா?"

டாக்டர் நின்றுகொண்டிருந்தார். மேடம் ஸ்லைடை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, "எனக்கும் கண் இருந்ததே, நானும்தான் விட்டுட்டேன்" என்றார். அது அவரை மன்னிக்கும் பேச்சாக ஒலிக்கவில்லை. "முதல்ல வைத்தியர்கிட்ட நிறுத்தி வைங்கன்னு சொல்றேன். மெழுகுக் கட்டியில மிச்சம் இருக்கான்னு பாருங்கய்யா."

மெழுகுக் கட்டியில் மிச்சம் அதிகமில்லை. வாயாடி தாராளமாகச் சீவியிருந்தான். கொஞ்சம் தவறினால் அவளுக்கு மறுபடி ஊசி. கண் வார்டுக்கு ஆள் அனுப்பினார்கள். தாயார் கட்டிலருகே இருந்த பிளேடு அக்கா வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள். பேசியே அறுக்கிறவர்களைப் பிளேடு என்பார்கள். இவளுக்கு அந்தப் பெயர் கைவேலைக்காக வந்தது. பேச்சில் டாக்டருக்குத் தங்கை என்றே சொல்லலாம். எதுவும் கேட்கவில்லை. கட்டியைப் பனிக்கட்டி மேல் வைத்துக் குளிரவிட்டாள். புது பிளேடு மாட்டினாள். அளவை இரண்டில் நிறுத்தினாள். வாயை அருகில் கொண்டுபோய்க் கட்டியின் முகத்தில் மெல்ல ஊதினாள், கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றினாள். முதல் சீவல் சுருண்டு உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. வாயாடி சுவரோடு ஒட்டி நின்றான். மூன்றாவது வெளியே வந்தது, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி. வெந்நீர்த் தொட்டியில் அது விரிந்தபோது தண்ணீரின் மேல் ஒரு பளபளப்பு மட்டும் தெரிந்தது.

சாயம் ஏறும்வரை டாக்டர் தன் மேசையில் இருந்தார். இந்த முறை மேடம் அவரைக் கூப்பிடவில்லை. தனியாகவே பார்த்தார். குமிழைத் திருகும் ஓசை கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. டாக்டர் ஜன்னலோர மேசைப் பக்கம் பார்க்கவில்லை. இப்போது எது வர வேண்டும் என்று அவரையே கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

"சுவர் எல்லாம் மெல்லிசு. கோடு போட்ட மாதிரி இருக்கு" என்றார் மேடம், நுண்ணோக்கியிலிருந்து தலை எடுக்காமல். "ஒரே ஒரு முடிச்சு தழும்பாகியிருக்கு. அது இந்த வயசுல யாருக்கும் இருக்கும். வியாதி ஒண்ணுமில்ல. கொடுக்கலாம்னு எழுதறேன்."

"எழுதுங்க" என்றார் டாக்டர்.

மனைவி வார்டுக்கு வெளியே நடைக்கூடத்தில் நின்றிருந்தாள். அடுத்த பாடத்தைத் தள்ளிப்போட்டிருந்தாள்.

"உன்னோடது நல்லா இருக்கு. பொண்ணுக்கு ஒண்ணும் பார்க்க வேணாம்."

அவள் சுவரில் சாய்ந்தாள். மூச்சு வெளியே போக நேரமாயிற்று. பிறகு கேட்டாள்: "காலைல கெட்டது மத்தியானம் எப்படி நல்லதாச்சு?"

"வெட்டினது தடிமனாப் போச்சு. மறுபடி மெல்லிசா வெட்டினாங்க."

"யார் கண்டுபிடிச்சது?"

"நான்."

"எப்ப?"

டாக்டர் தரையைப் பார்த்தார். மற்றவர்கள் அவருடைய மௌனத்தை இஷ்டம்போல் நிரப்பிக்கொள்வார்கள். அவள் அப்படியில்லை, அதில் இருப்பதை இருக்கிறபடி படிப்பவள். படித்து முடித்தாள்.

"ம்" என்றாள்.

சாவியை எடுத்துக்கொண்டாள். "அறுவைக்கு நாள் கேக்கப் போறேன். தம்பிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் கூட வரல." நாலு எட்டு போய்த் திரும்பினாள். "எனக்கு இப்ப உங்ககிட்ட பேச ஒண்ணும் இல்லைங்க. வரும்போது பேசறேன்."

டாக்டர் உள்ளே போனார். இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். மைத்துனன் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஸ்டூலை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்: தடிமனாக வெட்டியது, மறுபடி வெட்டியது, வியாதி இல்லை என்றானது, அக்கா நாள் கேட்கப் போயிருப்பது.

மைத்துனன் பஞ்சை எடுத்துப் பார்த்தான். ரத்தம் நின்றிருந்தது. ஆனாலும் மறுபடி வைத்து அழுத்தினான்.

"அப்ப வாங்கித்தான் ஆகணுமா?"

"ஆமா."

"மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போடணும்."

"ஆமா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் ஒருமுறை குலுங்கியது. சிரிப்பா வேறா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"பேசாம இருக்கறதுல நீங்க பேர் போனவராச்சே அத்தான். இன்னைக்கு ஒரு நாள் பேசாம இருந்திருக்கலாமே?"

"இருந்தேன்" என்றார் டாக்டர். "மத்தியானம் வரைக்கும்."